தோலும் பெயரும் முகமும்

1

நம்மைப் பற்றிய முக்கியமான வாக்கியங்களை எழுதுகிறவர்களில் பலர் நம்மைப் பார்த்ததே இல்லை. பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர், பிறந்த நேரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஜாதகம் கணிக்கிறவர், மனுவின் ஓரத்தில் நாலு வார்த்தை எழுதி மேலே அனுப்பும் குமாஸ்தா. இவர்கள் எழுதியதைக் கொண்டு ஒருவனுடைய வாழ்க்கை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திரும்புகிறது. தெருவில் எதிரே வந்தால் அவர்களை நமக்கும், நம்மை அவர்களுக்கும் தெரியாது. இதில் யாருக்கும் பெரிய மனக்குறை இருப்பதாகத் தோன்றவில்லை. முகம் தெரியாதிருப்பதே நியாயம் என்றுகூட நம்புகிறோம். விடைத்தாளில் பெயருக்குப் பதில் எண் இருப்பது இந்த நம்பிக்கையால்தான்.

இந்த வரிசையில் பாதாலஜிஸ்டையும் சேர்க்கும்போது ஏதோ இடறுகிறது. தோலில் ஒரு மாற்றம். தோல் டாக்டர் பார்க்கிறார், இரண்டு மூன்று பெயர்கள் அவர் மனதில் ஓடுகின்றன. சிறு துண்டு ஒன்றை எடுத்து அனுப்புகிறார். சில நாட்களில் ஒரு காகிதம் வருகிறது. அதன் அடியில் ஒரு கையெழுத்து. நோய்க்குப் பெயர் வைத்தவர் அந்தக் கையெழுத்துக்காரர். தோல் டாக்டர் அதை நமக்குப் படித்துச் சொல்கிறார். இப்படி ஒருவர் இருப்பதே பெரும்பாலான நோயாளிகளுக்குத் தெரியாது. 'டெஸ்டில் வந்தது' என்பார்கள், ஏதோ யந்திரம் துப்பிய சீட்டு மாதிரி. தெரிந்துகொண்டவர்களில் சிலருக்கு அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எழுகிறது. அமெரிக்காவில் சில ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே ஏற்பாடு வந்திருக்கிறது. நோயாளி பாதாலஜிஸ்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம், கேட்க வேண்டியதைக் கேட்கலாம்.

இந்த ஆசை எத்தகையது, அது நியாயமானதா, நியாயமென்றால் யார் மீது என்ன கடமையைச் சுமத்துகிறது என்பதே இங்கு என் விசாரம். எனக்கும் அந்த ஆசை வந்தது, நிறைவேறவும் செய்தது. எனவே நான் பேசுவது முற்றிலும் வெளியே நின்று அல்ல.

2

முதலில் நடப்பதைச் சொல்லிவிட வேண்டும். மரத்துப்போக ஊசி போட்ட இடத்தில், வட்ட வாய் கொண்ட சிறு கத்தியைத் திருகி, 4 மில்லிமீட்டர் குறுக்களவில் ஒரு துண்டு எடுக்கிறார்கள். ஒரு தையல். துண்டு ஃபார்மலின் புட்டிக்குள் விழுகிறது. சில மணி நேரத்தில் அதன் ரசாயன இயக்கங்கள் எல்லாம் நின்று, இருந்தது இருந்தபடி உறைந்துவிடுகின்றன. பிறகு ஆல்கஹாலில் நீர் நீங்கி, ஸைலீனில் தெளிந்து, மெழுகில் புதைந்து, மைக்ரோடோம் என்ற கருவியில் 4 அல்லது 5 மைக்ரான் கனத்துக்குச் சீவப்படுகிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ரத்தச் சிவப்பணுவின் குறுக்களவே ஏறக்குறைய 7 மைக்ரான். அப்படியானால் பாதாலஜிஸ்டின் முன் போய் நிற்கிற நான், என் ரத்தத்தின் ஓர் அணுவைவிடவும் மெலிந்தவன். கண்ணாடியில் ஏற்றியபின் இரண்டு சாயங்கள் கொடுக்கிறார்கள். ஒன்று மத்திய அமெரிக்க மரமொன்றின் கட்டையிலிருந்து கிடைக்கும் ஹெமடாக்ஸிலின். மற்றது கிரேக்க விடியல் தேவதையின் பெயரைத் தாங்கிய இயோஸின். செல்லின் உட்கரு நீலமாகிறது, சுற்றியுள்ளது ரோஜா நிறம் பெறுகிறது.

பயாப்ஸி என்ற சொல்லை 1879-ல் ஆக்கியவர் எர்னெஸ்ட் பெஸ்னியே என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர். கிரேக்கத்தில் உயிர் என்ற சொல்லையும் பார்வை என்ற சொல்லையும் சேர்த்தார். உயிருள்ளதைப் பார்த்தல். ஆனால் ஸ்லைடில் இருப்பதில் உயிர் இல்லை. அது நிறுத்தப்பட்டது, சாயம் ஏற்றப்பட்டது, ஓரிடத்துக்குக் கொண்டுவரப்பட்டது. உயிர் வேறெங்கோ, வெளியே பெஞ்சில், ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறது. சொல்லின் இரண்டு பாதிகளும் இப்படிப் பிரிந்துபோயின. பிணப் பரிசோதனையைக் குறிக்கும் ஆடாப்ஸிக்கு மூலத்தில் பொருள் 'தானே தன் கண்ணால் காணுதல்' என்பது. தன் ஸ்லைடைத் தானே பார்க்க வேண்டும் என்கிற நோயாளி, பிணத்துக்குப் போய்விட்ட அந்தச் சொல்லை உயிரோடு இருப்பவனுக்குத் திருப்பிக் கேட்கிறான் எனலாம்.

தோலில் இந்த ஆசைக்கு ஒரு விசேஷக் கூர்மை உண்டு. ஈரலை அதன் சொந்தக்காரன் பார்த்ததில்லை. அது கெட்டபோது, கெட்டது என்று முதலில் கண்டவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தவராகவே இருக்கலாம். அங்கே நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தோல் அப்படியல்ல. அதை நாம் காலையிலும் மாலையிலும் பார்க்கிறோம். குளிக்கும்போது தடவுகிறோம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் பார்த்துவிட்டுச் சற்று நகர்ந்துகொள்கிறான். பெண் பார்க்க வந்தவர்கள் பார்க்கிறார்கள். தோலுக்கு இருக்கிற அளவு சாட்சிகள் வேறெந்த உறுப்புக்கும் இல்லை. இத்தனை சாட்சிகளுக்கும் அதன் பெயர் தெரியாது. அதில் நாலைந்து மைக்ரானைச் சில நிமிஷங்கள் பார்த்த ஒருவருக்குத் தெரிகிறது. வாழ்நாள் முழுதும் அதற்குள் இருந்தவன் அறியாததை, அவனைக் கண்டிராதவர் அறிகிறார். இந்தப் பொருத்தமின்மைதான் உறுத்துகிறது. அவரைப் பார்க்க வேண்டும் என்பதன் வேர் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

3

எதிர்த் தரப்பை முதலில் அதன் முழு பலத்தோடு சொல்லிப் பார்க்க வேண்டும். பாதாலஜிஸ்ட் நம்மைப் பார்க்காதிருப்பதே நமக்குப் பாதுகாப்பு என்பது அது.

இது லேசான வாதமில்லை. டாக்டரின் அறைக்குள் நுழைகிறவன் தன் வேஷ்டியோடு, பேச்சோடு, ஜாதியோடு, அழைத்து வந்தவரின் சிபாரிசோடு நுழைகிறான். ஸ்லைடு இவை எதையும் கொண்டுபோவதில்லை. மிராசுதாரின் தோலும் அவர் நிலத்தில் நாற்று நட்டவளின் தோலும் இயோஸினில் ஒரே ரோஜா நிறம் ஏற்கின்றன. நிறபேதம் கூட அங்கே வேறு மாதிரி தெரிகிறது. மேல்தோல் உடலின் பெரும்பாலான இடங்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான். அதன் அடிவரிசையில் நிறமி செய்யும் செல்கள் இருக்கின்றன. அவற்றின் எண்ணிக்கை கறுத்தவர்களிடமும் வெளுத்தவர்களிடமும் கிட்டத்தட்ட ஒன்றே. அவை தயாரிக்கும் நிறமித் துகள்களின் அளவிலும் பரவலிலும்தான் வேறுபாடு. மனித வரலாற்றில் எவ்வளவு இழிவை எத்தனை மெல்லிய படலத்தின் மேல் கட்டியிருக்கிறோம் என்பதை ஒரு பாதாலஜிஸ்ட் தினமும் பார்க்கிறார், அதைப் பற்றி அவர் யோசிக்காமலே இருக்கலாம் என்றாலும். கூட வருகிற சீட்டைக்கூடப் படிக்காமல் முதலில் ஸ்லைடைப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருப்பவர்கள் உண்டு. அபிப்பிராயம் எதுவும் கண்ணுக்கு முந்திக்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கை அது.

மேலும், நேரில் பார்ப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. எதிரே ஒரு தாய் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது 'புற்று' என்ற சொல்லை எழுத எந்தக் கை தயங்காது? தயங்கிய கை தப்பாக எழுதினால் அந்தக் கருணையால் யாருக்கு லாபம்? சிலரைப் பொறுத்தவரை பாதாலஜிஸ்டைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் இந்த எதிர்பார்ப்பு மறைந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். என் முகத்தைப் பார்த்தால் ஒருவேளை வேறு மாதிரி சொல்வார். தீர்ப்பு எழுதிய நீதிபதியின் வீட்டு வாசலில் போய் நிற்கிற மனம் இது. இந்த மனத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. ஸ்லைடில் இருப்பது என் முகத்தால் மாறக்கூடாது.

ஆக, பார்க்காதிருத்தலில் ஒரு நீதி இருக்கிறது. ஆனால் அது முழு நீதியா?

4

என் முன்கைகளிலும் மணிக்கட்டிலும் ஊதா நிறத்தில் தட்டையான தடிப்புகள் வந்தன. அரிப்பு. பயாப்ஸி எடுத்தார்கள். ரிப்போர்ட் லைக்கன் ப்ளானஸுக்குப் பொருந்துகிறது என்றது. 1869-ல் எராஸ்மஸ் வில்சன் என்ற ஆங்கில மருத்துவர் வைத்த பெயர். பாறையிலும் மரப்பட்டையிலும் படர்கிற பாசியை நினைத்து வைத்தது. கடைசி வரியாக, 'மருத்துவ நிலையோடு பொருத்திப் பார்க்கவும்' என்று இருந்தது.

கையெழுத்து யாருடையது என்று விசாரித்துக்கொண்டு லேபுக்குப் போனேன். நோயாளிகள் உள்ளே வருவதில்லை, சந்தேகம் இருந்தால் உங்கள் டாக்டரைக் கேளுங்கள் என்று கவுண்டரில் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். காத்திருந்தேன். அரைமணி கழித்து அந்த டாக்டரே வெளியே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும் பெண். 'ரிப்போர்ட்டில ஏதாவது தப்பா சார்?' என்றார். தப்பொன்றுமில்லை, நீங்கள் பார்த்ததை நானும் பார்க்கலாமா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு உள்ளே அழைத்துக்கொண்டு போனார். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பார்க்கிற மைக்ராஸ்கோப் அது.

வரிசை வரிசையாக ரோஜா நிறமும், அதன் கீழ் நீலமாக ஒரு பட்டையும் தெரிந்தன. அந்த நீலப் பட்டை முழுக்க லிம்ஃபோஸைட் என்ற வெள்ளணுக்கள் என்றார். உங்களைக் காக்க வேண்டியவை, உங்கள் தோலின் அடிவரிசையையே தாக்கிக்கொண்டிருக்கின்றன. அந்த வரிசை அரத்தின் பல் மாதிரி ஆகியிருப்பதைக் காட்டினார். அழகாக இருந்தது. எனக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக உணர முடியவில்லை. என் உடம்பைப் பற்றி எழுதப்பட்ட, ஆனால் எனக்குப் படிக்கத் தெரியாத ஒரு பாஷை அது.

பிறகு நான் எதிர்பாராதது நடந்தது. அவர் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, 'கையைக் கொஞ்சம் காட்டுங்க சார்' என்றார். குழல் விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். எப்போது வந்தது, வாயில் புண் இருக்கிறதா, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். ரத்தக் கொதிப்புக்கு ஏழு மாதமாகச் சாப்பிடுகிறேன் என்றேன். அவருக்கு வந்த சீட்டில் வயது, ஆண், முன்கை, நோயின் பெயரின் இரண்டு எழுத்துகள், ஒரு கேள்விக்குறி. அவ்வளவே இருந்தது. சில மாத்திரைகளாலும் இதே மாதிரித் தடிப்பு வரும். தொடங்கிச் சில மாதங்கள் கழித்துக்கூட வரும். ஸ்லைடில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்து, மருந்தின் பக்கம் சாய்க்கக்கூடிய இயோஸினோஃபில் அணுக்களைத் தேடினார். 'இருக்கு. ஆனா ரொம்ப இல்ல. இத மட்டும் வெச்சு சொல்ல முடியாது சார்' என்றார். என் தோல் டாக்டருக்கு போன் செய்தார்.

மாத்திரையை மாற்றினார்கள். சில மாதங்களில் தடிப்புகள் மங்கின, கறை மட்டும் மிஞ்சியது. மாத்திரையை மாற்றியதால்தானா என்றால் தெரியாது. லைக்கன் ப்ளானஸ் பலருக்குத் தானாகவே ஓரிரண்டு வருஷங்களில் அடங்கிவிடுகிறது. எனவே அந்தச் சந்திப்பால் நன்மை விளைந்தது என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. நான் சொல்லவருவதும் அதுவல்ல.

சொல்லவருவது இது: என்னைப் பார்க்காமலிருந்தது அவருக்கும் ஒரு குறையாக இருந்திருக்கிறது. 'மருத்துவ நிலையோடு பொருத்திப் பார்க்கவும்' என்ற அந்த வரியை, ரிப்போர்ட்டுகளில் அச்சடித்தது போல வருகிற சடங்கு வாக்கியமாகவே எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற வாக்கியம் என்று தோல் டாக்டர்கள் சலித்துக்கொள்வதும் உண்டு. அது சடங்காகத் தேய்ந்துபோன ஒரு உண்மையான வாக்கியம். நான் பார்த்தது இவ்வளவு, மீதி அந்த ஆளிடம் இருக்கிறது, அந்த ஆள் என்னிடம் இல்லை என்று அது சொல்கிறது. தோல் நோய்களில், குறிப்பாக அழற்சி நோய்களில், இது பணிவுக்காகச் சொல்வதல்ல. சில ஒழுங்கமைவுகளில் மட்டுமே தோல் எதிர்வினை காட்டும். நோய்கள் பல, முகபாவங்கள் சில. எந்த நோயின் முகபாவம் இது என்பதை, ஆள் யார், எப்போது, உடம்பில் எங்கெங்கே என்பவைதான் தீர்மானிக்கின்றன. எனவே பார்க்காதிருத்தலின் நீதி, இங்கே அறிவின் ஒரு பகுதியை விலையாகக் கொடுத்தே கிடைக்கிறது.

5

அறிவின் விஷயம் இருக்கட்டும். அதை ஒரு நல்ல சீட்டு சரிசெய்துவிடும். மாத்திரையின் பெயரையும் ஒரு போட்டோவையும் சேர்த்து அனுப்பினால் என் உடம்பு நேரில் போக வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் அவரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு நியாயம் மிஞ்சுகிறதா என்பதே தார்மீகக் கேள்வி.

மிஞ்சுகிறது என்பேன். ஏனென்றால் பாதாலஜிஸ்ட் செய்வது கண்டுபிடிப்பது மட்டுமல்ல. அவர் பெயர் வைக்கிறார். கண்டுபிடிப்பு ஸ்லைடோடு முடிகிறது. பெயர் அந்த ஆளோடு வீட்டுக்குப் போகிறது.

தொழுநோயை எடுத்துக்கொள்ளலாம். 1873-ல் ஹான்ஸன் அதன் கிருமியைக் கண்டார். 1966-ல் ரிட்லியும் ஜாப்ளிங்கும் அந்த நோயை, உடலின் எதிர்ப்புச் சக்திக்கேற்ப ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஐந்து படிகளாக வகுத்தார்கள். இதில் ஸ்லைடில் தெரிவதற்குப் பெரும் பங்கு உண்டு. மனித மனத்தின் அழகான சாதனைகளில் ஒன்று இது. ஒரே கிருமி ஐந்து உடல்களில் ஐந்து விதமாக எழுதுவதைப் படிக்கிற முறை. ஆனால் அந்தச் சொல் காகிதத்தைவிட்டு வெளியே போனதும் என்ன ஆயிற்று? 1898-ன் தொழுநோயாளர் சட்டம் ஏழை நோயாளிகளைப் பிடித்து அடைத்து வைக்க அனுமதித்தது. அது 2016 வரை ரத்தாகவில்லை. 1955-ன் இந்து திருமணச் சட்டம் கொடிய, தீராத தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக ஏற்றது. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சைக்குப் பின் அது தீரும் நோயாகிவிட்டது. சட்டத்திலிருந்து அந்தக் காரணம் நீங்கியது 2019-ல்தான். கிருமி செத்தபின் முப்பத்தெட்டு வருஷம் சொல் உயிரோடு இருந்திருக்கிறது. சட்டத்தில் அவ்வளவு, வீடுகளில் எவ்வளவு என்று கணக்கில்லை.

இதற்கெல்லாம் ஸ்லைடைப் பார்த்தவர் பொறுப்பாக முடியாது. அவர் பொய் எழுதியிருக்கவும் கூடாது. ஆனால் இந்த அளவு வலுவுள்ள ஒரு சொல்லை இன்னொருவர் மேல் வைக்கிறவர், 'என்ன கண்டு இதை வைத்தாய்?' என்று அவர் கேட்கும்போது கேட்கக் கிடைக்கிற இடத்தில் இருக்க வேண்டாமா? சொல்லை மாற்று என்ற மன்றாட்டல்ல இது. ஆதாரத்தைச் சொல் என்ற கோரிக்கை. முன்னதை மறுப்பது நேர்மை. பின்னதை மறுப்பதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நீதிமன்றங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ரசாயனப் பரிசோதகர் போன்ற அரசு நிபுணர்களின் அறிக்கையை, அவர் நேரில் வராமலே சாட்சியமாக ஏற்கலாம் என்று நம் 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293-வது பிரிவு சொன்னது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டமும் அந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் நீதிமன்றம் தேவை என்று கருதினால் அவரை அழைத்து விசாரிக்கலாம் என்ற வாசலை மூடவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி போயிற்று. 2009-ல் மெலென்டெஸ் டயாஸ் வழக்கில், பிடிபட்ட பொடி கொக்கேய்ன்தான் என்று சான்றிதழ் எழுதிய ஆய்வாளர், குற்றம் சாட்டப்பட்டவரின் கேள்விகளுக்கு முன் நிற்க வேண்டும், காகிதம் மட்டும் போதாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ரசாயனம் யார் கேட்டாலும் ஒன்றே, நேரில் வந்து என்ன ஆகப்போகிறது என்பது எதிர்வாதம். ரசாயனம் ஒன்றே, ஆனால் அதைச் செய்தவர் மனிதர் என்பது விடை.

குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கிடைக்கிற இந்த மரியாதை நோயாளிக்கு ஏன் இல்லை? தண்டனை அங்கே சில வருஷங்கள். இங்கே ஆயுள் முழுதுமாகவும் இருக்கலாம்.

6

இதுவரை பாதாலஜிஸ்டிடம் கேட்டதையே சொன்னேன். பார்க்கப் போகிறவனும் ஒன்றைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவன் இழப்பது நிச்சயத்தை.

காகிதம் சந்தேகப்படுவதில்லை. அதில் அச்சான சொல்லுக்குத் தயக்கம் இல்லை, குரல் இல்லை. மனிதரைப் பார்த்தால் சந்தேகத்தையும் பார்க்க வேண்டிவரும். 2017-ல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பத்து மாநிலங்களைச் சேர்ந்த 187 பாதாலஜிஸ்டுகளிடம் நிறமிச் செல் கட்டிகளின் ஸ்லைடுகளைக் கொடுத்தார்கள். சாதாரண மச்சத்திலிருந்து பரவத் தொடங்கிய மெலனோமா வரை ஐந்து வகுப்புகள். குறைந்தது எட்டு மாதம் கழித்து அதே ஸ்லைடுகளில் சிலவற்றை அதே ஆட்களிடம் மறுபடி கொடுத்தார்கள். முதல் வகுப்பில் நூற்றுக்கு 77, கடைசி வகுப்பில் 83 அளவில் தம் பழைய முடிவையே மறுபடி சொன்னார்கள். இரண்டாம் வகுப்பில் இது 35. ஒரே கண், ஒரே கண்ணாடி; ஆனாலும் மூன்றில் இரண்டு தடவை வேறு சொல். இது அவர்கள் கவனக்குறைவைக் காட்டவில்லை. மச்சத்துக்கும் புற்றுக்கும் நடுவே இயற்கை கோடு போட்டு வைக்கவில்லை, கோடு போட வேண்டிய நிர்ப்பந்தம் நமக்குத்தான் என்பதைக் காட்டுகிறது.

இதைத் தெரிந்துகொண்டு ஒருவர் அவரைப் பார்க்கப் போவாரா? தெய்வ வாக்கு என்று நினைத்துத் திரையை விலக்கினால் பின்னால் கண் சிவந்த ஒரு மனிதர், பக்கத்தில் ஆறிப்போன டீ, முடிக்க வேண்டிய ஸ்லைடு தட்டுகள். சிலருக்கு இது தாங்காது. தாங்காதவர்களைப் போகச் சொல்வது கொடுமை. பார்க்க விரும்பாதிருப்பதும் ஓர் உரிமை. ஆனால் காகிதத்தின் நிச்சயம் ஏற்கனவே குலைந்துகொண்டிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 2021 ஏப்ரலில் அமலான விதிகளின்படி, பாதாலஜி ரிப்போர்ட் தயாரானதுமே தாமதமின்றி நோயாளிக்குக் கிடைக்க வேண்டும். டாக்டர் படிக்குமுன்பே அவர் படித்துவிடுகிறார். இங்கேயும் லேபிலிருந்து ரிப்போர்ட் நேராக நம் கைபேசிக்கு வருகிறது. டாக்டருக்காக டாக்டர் எழுதிய பாஷை, நடு இரவில், தனியாக இருக்கிறவன் கண்ணில் படுகிறது. முன்பு ரிப்போர்ட்டுக்கும் நோயாளிக்கும் நடுவே ஒரு முகமாவது இருந்தது. இப்போது பல சமயம் எந்த முகமும் இல்லை. எழுதியவரைக் கேட்க முடியாத எழுத்து நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் இலக்கிய விமர்சனத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1946-ல் விம்ஸாட்டும் பியர்ட்ஸ்லியும் ஒரு கட்டுரை எழுதினார்கள். படைப்பை மதிப்பிட ஆசிரியனின் நோக்கத்தைத் தேடிப் போவது பிழை என்றார்கள். நம் சிறுபத்திரிகை விமர்சனமும் அந்தத் துப்புரவை விரும்பி ஏற்றுக்கொண்டது. எழுதியவன் யார் என்று கேளாதே, பக்கத்தைப் பார். சிபாரிசுகளும் நட்புகளும் மலிந்த சூழலில் அது அவசியமான கண்டிப்பாகவே இருந்தது. பாதாலஜிஸ்டை அந்த விமர்சகனின் தூய வடிவம் என்று சொல்லிவிடத் தோன்றும். ஒப்புமை ஓரிடத்தில் உடைகிறது. கவிதையை எழுதியவன் கவிஞன். என் தோலில் இருப்பதை நான் எழுதவில்லை. விமர்சகன் தப்பாகச் சொன்னால் கவிஞன் அதே பாஷையில் மறுக்கலாம், அடுத்த இதழில் பதில் எழுதலாம். எனக்கோ என் தசையில் எழுதியிருக்கும் பாஷையே தெரியாது. பதில் சொல்ல வழியில்லாதவனைப் பற்றி எழுதுகிறவரின் பொறுப்பு, பதில் சொல்லக்கூடியவனைப் பற்றி எழுதுகிறவரின் பொறுப்பைவிடக் கூடுதல். விமர்சகனுக்கு ஆசிரியனைப் பார்க்காதிருக்க உரிமை உண்டு என்பதிலிருந்து பாதாலஜிஸ்டுக்கும் அது உண்டு என்று வாதிப்பதற்கில்லை.

7

நடைமுறை ஆட்சேபம் ஒன்று மிச்சமிருக்கிறது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பாதாலஜிஸ்ட் முன் நாள் முழுதும் ஸ்லைடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றின் சொந்தக்காரரும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தால் வேலை நின்றுபோகும். நோயாளிகளிடம் பேசப் பிடிக்காதவர்கள் எடுக்கிற படிப்பு என்று மருத்துவக் கல்லூரிகளில் இதைக் கேலி செய்வார்கள். கேலியில் உண்மை இருந்தால் அவர்களை நிர்ப்பந்திப்பதும் நியாயமல்ல.

ஆட்சேபம் சரியானது. ஆனால் நான் கோருவது எல்லோரையும் எல்லோரும் சந்திக்க வேண்டும் என்றல்ல. பெரும்பாலோர் போக மாட்டார்கள். சாதாரணத் தடிப்புக்கு யாரும் லேபின் படியேறப் போவதில்லை. போக விரும்புகிறவனுக்கு வழி இருக்க வேண்டும், கவுண்டரில் அவனை வழி தவறி வந்தவனாக நடத்தக்கூடாது என்பது மட்டுமே. அந்த வழியில் வருஷத்துக்குப் பத்துப் பேர் நடந்தாலும் போதும், எழுதுகிற கைக்கு அது தெரிந்திருக்கும். எழுதிய சொல் மாறாதிருக்கலாம். மாறக்கூடாது என்றே முன்பு சொன்னேன். ஆனால் யாரும் வந்து கேட்கப்போவதில்லை என்று தெரிந்து எழுதுவதற்கும், இந்தத் தோலுக்குள் இருப்பவர் நாளைக்கு வந்து கேட்கலாம் என்று எண்ணி எழுதுவதற்கும் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசம் ரிப்போர்ட்டில் தெரியாமல்கூடப் போகலாம். ஸ்லைடின் மேல் குனிகிறபோது இருக்கும்.